பொம்மை விமானத்துக்கு ஜீர்ணோத்தாரணம்

பழுதுபட்ட கோயிலைச் செப்பனிட்டுப் புதுப்பிக்கும் கைங்கரியத்துக்கு ஜீர்ணோத்தாரணம் என்று நம் பெரியோர் பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் கம்பீரமானதுதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பழைய சித்திரங்களின் மேல் சுண்ணாம்பு அடித்த புண்ணியவான்களும் உண்டு. கல்வெட்டின் எழுத்து மறையும்படி சுவரைத் தேய்த்தவர்களும் உண்டு. கெடுக்க வருகிறவனிடமிருந்து ஒரு பொருளைக் காப்பாற்றிவிடலாம். அதன்மேல் அளவற்ற பிரியம் கொண்டு, கையில் வர்ணச் சட்டியுடன் வருகிறவனிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

இவ்வாரம் நாம் எழுதப் புகுந்தது கோயிலைப் பற்றியன்று. ஒரு பொம்மை விமானத்தைப் பற்றி. "பொம்மைக்கு இத்தனை பீடிகையா?" என்று நேயர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுத் தொடர்ந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

குழந்தைகள் சாவி கொடுத்து ஓடவிடும் பொம்மையல்ல நாம் குறிப்பிடுவது. சென்ற நூற்றாண்டில் விமானக் கம்பெனிகள் தங்கள் டிக்கெட் ஆபீஸ்களிலும், பிரயாண ஏஜெண்டுகளின் கண்ணாடி ஜன்னல்களிலும் வைப்பதற்கென்று பெரிய மாதிரி விமானங்களைச் செய்வித்தன. லண்டனில் வெஸ்ட்வே, ஹாலந்தில் வெர்குய்ல், கலிபோர்னியாவில் பசிபிக் மினியேச்சர்ஸ் என்று இதற்கெனவே பெயர் பெற்ற தொழிற்கூடங்கள் இருந்தன. முதலில் மரத்தில் செதுக்கினார்கள். பிறகு அலுமினியத்தில் வார்த்தார்கள். அதற்கும் பிறகு கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து அச்சில் வார்த்தார்கள். ஆகாயத்தில் ஏறுவதற்கு அஞ்சிய ஜனங்கள், தெருவில் நின்றபடி அந்த விமானத்தை ஏற இறங்கப் பார்த்துத் தைரியம் கொண்டார்கள். டிக்கெட் வாங்கும் காரியம் கம்ப்யூட்டருக்கும் கைபேசிக்கும் போன பிற்பாடு ஆபீஸ்கள் மூடப்பட்டன. மாதிரி விமானங்களில் சில பரணுக்குப் போயின. பல காயலான் கடைக்குப் போயின.

அப்படிப் பரணுக்குப் போன ஒன்று, ஓய்வு பெற்ற என்ஜினீயரான நம் நண்பர் ஒருவரின் வீட்டில் கீழே இறக்கப்பட்டது. அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பம்பாயில் ஒரு பிரயாண ஏஜெண்டின் ஆபீஸில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். ஆபீஸ் மூடப்பட்டபோது, வேறொருவரும் கேட்காத அந்த விமானத்தை மாதுங்காவிலிருந்த தம் ஜாகைக்குக் கொண்டு வந்துவிட்டார். ஏர் இந்தியாவின் போயிங் 747; நிஜ விமானத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. நிஜ விமானம் 70 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். ஆகவே மாதிரி ஏறக்குறைய 4 அடி 8 அங்குலம். சிறகின் விரிவு 4 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சாப்பாட்டு மேஜையின் மேல் அதை வைத்தால் பிறகு சாப்பாட்டுக்கு இடமில்லை.

ஏர் இந்தியாவின் முதல் 747 நம் நாட்டுக்கு வந்தது 1971-ல். அதற்கு 'எம்பரர் அசோகா' என்று பெயர் சூட்டினார்கள். ஆகாயத்தில் செல்லும் அரண்மனை என்று அதை விளம்பரம் செய்தார்கள். விளம்பரத்துக்கேற்ப ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தானத்து மாளிகைகளில் காணும் ஜரோகா என்ற வளைவு மாடத்தைச் சிவப்பு வர்ணத்தில் தீட்டினார்கள். உலகத்து விமானங்களெல்லாம் நேர்கோடு பூசிக்கொண்டு பறந்த நாளில், நம்முடையது வரிசையாகச் சாளரங்களைத் திறந்துகொண்டு பறந்தது.

நண்பர் வீட்டு மாதிரி அந்த நிலையில் இல்லை. மேற்பூச்சு வார்னிஷ் எலுமிச்சைப் பழம்போல் மஞ்சளித்திருந்தது. தெருப்பக்கம் வெயில் பட்ட இடது பாரிசத்தில் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. நான்கு என்ஜின்களில் ஒன்றைக் காணோம். வலது சிறகு உடலோடு சேரும் இடத்தில் விரிசல். மூக்கின் அருகே யாரோ தூரிகையால் ஒரு வெள்ளைத் திட்டு அடித்து வைத்திருந்தார்கள். அது சுற்றியுள்ள வெள்ளையோடு ஒட்டாமல் தனியே தெரிந்தது.

எப்படிப் புதுப்பிப்பது என்பதில் வீட்டில் மூன்று கட்சிகள் ஏற்பட்டன. நண்பரின் புதல்வர் 2023-ல் ஏர் இந்தியா பூண்ட பொன்னும் சிவப்பும் கத்தரிப்பூ நிறமுமான கோலத்தைப் பூசவேண்டும் என்றார். அதை ஏர் இந்தியாவின் எந்த 747-ம் பூண்டதில்லை. எஞ்சியிருந்த 747-களில் ஒன்று 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து கடைசி முறையாகக் கிளம்பியபோதும் பழைய கோலத்திலேயே கிளம்பியது. நண்பரோ, அனைத்தையும் சுரண்டிவிட்டு 1971-ல் இருந்தபடி ஜரோகாக்களைப் புதிதாகத் தீட்டவேண்டும் என்றார். எண்பது வயதைத் தாண்டிய அவருடைய தாயார், "தூசியைத் துடைத்து வைத்தால் போதும்" என்றார்.

நம்மிடம் அபிப்பிராயம் கேட்டபோது, வாஷிங்டன் நகரத்து ஆகாய விமானக் காட்சிசாலையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னோம். 1966-ல் அமெரிக்க டெலிவிஷனில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்ற கதைக்காகச் செய்யப்பட்ட ஆகாசக் கப்பலின் மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது. 11 அடி நீளம். 1974-ல் காட்சிசாலைக்கு வந்தது முதல் 1991-க்குள் மூன்று தடவை அதைச் செப்பனிட்டார்கள். கடைசித் தடவை புதிய வர்ணம் பூசிக் கோடுகளை அழுத்தமாகத் தீட்டியபோது, அதை அறிந்தவர்கள் "இது எங்கள் கப்பல் அல்ல" என்று குறைப்பட்டார்கள். 2016-ல் முடிந்த நான்காவது திருப்பணியில், ஆதியில் இருந்த நிறம் எது என்ற கேள்வி எழுந்தது. நல்ல வேளையாக, கப்பலின் தட்டுப்போன்ற பாகத்தின் மேற்புறத்தை மட்டும் அதுவரையில் எவரும் தொடவில்லை. 1960-களின் வர்ணம் அங்கே அப்படியே இருந்தது. அந்த ஓரிடத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டுதான் மற்ற இடங்களின் நிறத்தைத் தீர்மானித்தார்கள். முன்பு பூசியவர்கள் இன்னும் சற்று சுறுசுறுப்பாக இருந்திருந்தால் அந்தச் சாட்சியும் போயிருக்கும்!

ஆகவே, வர்ணம் பூசுவது கடைசி வேலை. முதல் வேலை, இருப்பதைப் பதிவு செய்வது. ஒவ்வொரு பக்கத்தையும் அளவுகோலோடு படம் பிடிக்கவேண்டும். எழுத்துக்களையும் ஜன்னல் வரிசையையும் மெல்லிய காகிதத்தில் நகல் எடுக்கவேண்டும். ஐம்பதில் ஒரு பங்கான மாதிரியில் கோடு 1 மில்லிமீட்டர் விலகினால், நிஜ விமானத்தில் 5 சென்டிமீட்டர் விலகியதாக அர்த்தம். வர்ணத்தின் கனமும் அப்படித்தான். பழைய பூச்சின்மேல் பூச்சாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பாகம் ஏறினால், நிஜ விமானத்துக்கு 5 மில்லிமீட்டர் கனத்தில் மாக்காப்பு சாத்தியது போலாகும். கதவின் விளிம்பும் தகட்டின் இணைப்பும் அதற்குள் மறைந்து போகும்.

அடுத்தது சுத்தம் செய்தல். இதற்கு மியூசியங்களில் கையாளும் ஓர் உபாயத்தைச் சொன்னால் ஆசாரசீலர்கள் முகம் சுளிக்கலாம். பஞ்சை எச்சிலில் நனைத்து மெதுவாக உருட்டுகிறார்கள்! எச்சிலிலுள்ள என்ஸைம்கள் அழுக்கைக் கரைக்கும். வர்ணத்தை அநேகமாகத் தொடா. நண்பர் இதில் பாதி தூரம் வந்து, மீதிக்கு நீர்த்த சோப்புத் தண்ணீரை நாடினார். நாம் ஆட்சேபிக்கவில்லை.

பிறகு, மறைவான ஓரிடத்தில் நனைத்த உப்புத்தாளால் காசளவு வட்டமாகத் தேய்த்துப் பார்க்கவேண்டும். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்தால், மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப்போல் எந்தக் காலத்தில் எந்த வர்ணம் பூசினார்கள் என்பது ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். பழைய சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் கலந்திருக்கக் கூடுமாகையால் உலரத் தேய்ப்பது ஆபத்து. தண்ணீர் வேண்டும், மூக்குக்கு முகமூடி வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. சிறகைக் கழற்றியபோது, உடலோடு பொருந்தும் பகுதியில் வெயிலே காணாத சிவப்பு புத்தம் புதிதாக ஒளிந்திருந்தது. அதைப் பகல் வெளிச்சத்தில் வைத்து நிறம் ஒப்பிட்டார்கள். இரவில் ட்யூப் லைட்டின் கீழ் ஒன்றுபோல் தெரியும் இரண்டு சிவப்புகள் காலையில் வெவ்வேறு ஜாதியாகிவிடும்.

இந்த மட்டில் எல்லாம் சுமுகமாக நடந்தது. மூக்கருகே இருந்த வெள்ளைத் திட்டை நண்பர் நெருங்கியபோதுதான் தாயார் குறுக்கிட்டார். "அதை மட்டும் சுரண்டவேண்டாமப்பா. அது உன் அப்பா பூசியது" என்றார்.

1978 ஜனவரி 1-ம் தேதி இரவு, 'எம்பரர் அசோகா' விமானம் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய சில நிமிஷங்களுக்குள் கடலில் விழுந்தது. பிரயாணிகள் 190 பேர், சிப்பந்திகள் 23 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை. ஆபீஸ் கதவைத் திறந்ததும் தம் கணவர் செய்த முதல் காரியம், ஜன்னலில் இருந்த மாதிரியின் மேல் அந்தப் பெயரை வெள்ளை வர்ணத்தால் மறைத்ததுதான் என்று அந்த அம்மாள் சொன்னார். "துபாய்க்குப் போகிறவர்கள் அவர் மேஜைக்கும் வருவார்கள். அவர்களுடைய வீட்டு மனிதர்கள் அந்த ஜன்னலைக் கடந்துதானே போகவேண்டும் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை."

விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். வெள்ளைப் பூச்சின் கீழே எழுத்துக்களின் மேடு மெல்லியதாகத் தெரிந்தது. உப்புத்தாள் நாலு தடவை போய் வந்திருந்தால், திட்டும் எழுத்தும் ஒருங்கே மறைந்து மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கும். பார்க்கிறவர்கள் வேலைப்பாட்டை மெச்சியிருப்பார்கள்.

அதன்பின் வீட்டில் கட்சிகள் இல்லை. செய்தது இதுதான். சிறகின் விரிசலைப் பித்தளைக் கம்பியும் எபாக்ஸியும் கொண்டு உள்ளிருந்தே இணைத்தார்கள். காணாமற்போன என்ஜினை மீதமிருந்ததில் ஒன்றை அச்செடுத்து வார்த்து, பட்டி பார்த்து, பொருத்தினார்கள். உட்புறத்தில் அது புதியது என்று வருஷத்தைப் பொறித்தார்கள். வெளுத்துப்போன இடது பாரிசத்தின்மேல் முதலில் ஒரு வார்னிஷ் பூச்சு. அடியிலுள்ள வர்ணத்தைத் தொடாத திரவத்தில் கரையக்கூடியதாகப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாளைக்கு வேறொருவர் வேண்டாமென்று நினைத்தால், புதிய வர்ணம் முழுவதையும் அதோடு கழற்றி எடுத்துவிடலாம். மோட்டார்க் கடைக்காரர்கள் 'டூகோ' என்று சொல்லும் லாக்கரைத் தவிர்த்தார்கள். அதன் காரம் அடியிலுள்ள பழைய எனாமலைச் சுருக்கம் விழச் செய்துவிடும். பிறகு, சுண்டுவிரல் நகத்தளவுள்ள ஜரோகாக்களை அச்சுத்தாள் வெட்டி, மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தெளித்தார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் மூன்று மாதம் பிடித்தது. வலது பாரிசத்தைச் சுத்தம் செய்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். மூக்கின் வெள்ளைத் திட்டு இருந்தபடியே இருக்கிறது. என்ன செய்தார்கள், எதைத் தொடவில்லை, ஏன் தொடவில்லை என்பதையெல்லாம் எழுதிப் பீடத்தின் அடியில் ஓர் உறையில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு பக்கமிருந்து பார்த்தால் 1971. மறுபக்கமிருந்து பார்த்தால் அதன்பின் சென்ற ஐம்பது சொச்சம் வருஷங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு பக்கமும் சுற்றிவந்து, "வேலை பாதியில் நிற்கிறதே, எப்போது முடியும்?" என்று விசாரிக்கிறார்கள். நண்பருக்கு இதற்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. தாயார் அலுக்காமல் சொல்கிறார்.

நம் நேயர்கள் வீட்டிலும் பரண்மேல் விமானமோ, கப்பலோ, ரயில் என்ஜினோ ஒன்று இருக்கலாம். அதை இறக்கிப் புதுப்பிக்க ஆசைப்படுவது நல்ல ஆசை. வர்ணம் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், வீட்டிலுள்ள மிக வயதான மனிதரை அழைத்து அதன் எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, இதில் எந்தக் கறை எப்படி வந்தது என்று கேளுங்கள். கடை மறுநாளும் திறந்திருக்கும்.