வாகனத்தை எண்ணினீர்கள், பிள்ளைகளை எண்ணினீர்களா?



எங்கள் பாடசாலை வாசலுக்கு நேரெதிரே, பிரதான வீதியில், நான்கு மாடிக் கட்டடம் வரப்போகிறது. கீழே சுப்பர் மார்க்கட், நடுவில் கடைகள், மேலே கல்யாண மண்டபம். கேட்டால், "ட்ராபிக் ரிப்போர்ட் எடுத்தாச்சு சேர், ஒரு பிரச்சினையும் இல்லையாம்" என்கிறார்கள். அந்த 'இல்லையாம்' பற்றித்தான் ஆசிரியர்கள் நாங்கள் எழுதுகிறோம். திட்டுவதென்றால் திட்டுங்கள், முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் முன் நகர அபிவிருத்தி அதிகார சபை போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு கேட்பது நல்ல விசயம். இப்போது வீதியில் எத்தனை வாகனம் போகிறது, கட்டடம் வந்தால் இன்னும் எத்தனை வரும், வீதி தாங்குமா, தாங்காவிட்டால் வாசலை மாற்றுவதா, தரிப்பிடத்தைக் கூட்டுவதா, கட்டடத்தையே குறைப்பதா? இதுதான் அதன் வேலை. கேள்வி சரி. விடை எழுதிய விதம்தான் பிழை.

எண்ணுவதற்கு ஆட்கள் வந்தது டிசம்பர் விடுமுறையில். இரண்டு இளைஞர்கள் மரத்தடியில் கதிரை போட்டு எண்ணியதைக் கண்டவர் எங்கள் காவலாளி. அன்று கேட் பூட்டியிருந்தது. பாடசாலை தொடங்குவது காலை 7.30, விடுவது 1.30. அந்த இரண்டு நேரமும் வாசலில் என்ன நடக்கும் என்பதை ஊரில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ விட்ட பின், நோன்பு கால அஸருக்குப் பின், கல்யாணக் காலத்து மஃரிபுக்குப் பின் இந்த வீதி எப்படி இருக்கும் என்பதும் அப்படித்தான். பாடசாலை மூடிய நாளில் பாடசாலை வீதியை அளப்பது, பரீட்சை நடக்காத நாளில் போய் 'யாரும் பெயிலாகவில்லை' என்று எழுதுவது போலத்தான்.

அடுத்தது, எதை எண்ணுகிறார்கள் என்பது. ஒரு காரை 1 என்று வைப்பார்கள். பஸ்ஸுக்கு அதைவிடக் கூட, மோட்டார் சைக்கிளுக்கு அதைவிடக் குறைய. ஆகவே வாப்பாவும் மூன்று பிள்ளைகளும் வரும் மோட்டார் சைக்கிள், தனியாளாக வரும் காரைவிடச் சிறிய எண். நடந்து வரும் தரம் 1 பிள்ளை? அந்தக் கூட்டலில் பூச்சியம். பிறகு சந்திக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுவார்கள். சமிக்ஞை விளக்குள்ள சந்தியில் ஒரு வாகனம் சராசரியாக 10 செக்கனுக்கு மேல் நிற்காவிட்டால் ஏ, 80 செக்கனைத் தாண்டினால் எஃப். வாகனத்தின் தாமதத்துக்குத்தான் இந்தப் புள்ளி. வீதி கடக்கப் பிள்ளை எவ்வளவு நேரம் நின்றது என்பதற்குப் புள்ளி இல்லை. வாகனம் வேகமாகப் போனால் வீதிக்கு நல்ல தரம், பிள்ளைக்கு அதுவே ஆபத்து! இந்தத் தாமதக் கணக்கைச் சூழல் பாதிப்பின் அளவுகோலாக வைப்பதை கலிபோர்னியா 2013இல் இயற்றிய சட்டத்தின் மூலம் கைவிட்டது, 2020 ஜூலையிலிருந்து அங்கே அது முழுதாக நடைமுறை.

'கட்டடம் எத்தனை வாகனத்தை இழுக்கும்' என்ற எண் எங்கிருந்து வருகிறது? உலகில் பலரும் புரட்டுவது ஓர் அமெரிக்கக் கைநூலை. அதன் 1987 பதிப்பில், வாகனத்தில் இருந்தபடியே வாங்கிப்போகும் உணவகத்துக்கு 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 632.125 பயணங்கள் என்று மூன்று தசம தானத்துக்கு விடை போட்டிருந்தார்கள். அதற்கு ஆதாரம் எட்டே எட்டு ஆய்வுகள். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். எங்கள் அறிக்கையில் எந்தக் கணக்கு? காட்டினால்தானே தெரியும். காட்டச் சொன்னோம், "அது ஒஃபீஸ் பைல்" என்றார்கள்.

அறிக்கைக்குக் காசு கொடுப்பவர் கட்டடம் கட்டுபவர். பரீட்சகருக்குப் பரீட்சார்த்தியே சம்பளம் கொடுக்கும் முறை நம் திணைக்களத்தில் இருந்தால் எல்லோருக்கும் ஒன்பது ஏ. எழுதுகிற பொறியியலாளர் எல்லாம் நேர்மையற்றவர் என்று சொல்லவில்லை. முறையே அப்படி.

இன்னொன்று, வரைபடத்தில் இருக்கும் நிலக்கீழ்த் தரிப்பிடம். கட்டி இரண்டு வருடத்தில் அது களஞ்சியமாகிவிடும், வாகனமெல்லாம் வீதியில். கல்முனையிலிருந்து காத்தான்குடி வரை கண்ணைத் திறந்து ஒரு தடவை போய் வாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் வாவியும், நடுவில் ஏ4 வீதி. அகலிக்க இனி எங்கே இடம்?

"நம்மட ஆள் கட்டுறார், ஊர் முன்னேறுது, ஏன் குழப்புறீங்க?" என்று வட்ஸ்அப்பில் வந்தது. நம்மவர் கட்டினால் லொறி மெதுவாகவா வரும்? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் உள்ளது என்று குத்பாவில் கேட்கிறோம். அதைக் கல்லோடும் முள்ளோடும் நிறுத்திவிட்டோம்.

கட்டவே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. பாடசாலை நடக்கும் நாளில், காலையிலும் ஒன்றரைக்கும் ஜும்ஆ நேரத்திலும் மறுபடி எண்ணுங்கள். நடப்பவரையும் சைக்கிளையும் சேர்த்து எண்ணுங்கள். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைப்பது போல இதையும் தமிழில் வையுங்கள், அனுமதி அதற்குப் பிறகு. லொறி இறக்கும் வாசல் பின் ஒழுங்கையில் இருக்கட்டும், பாடசாலை தொடங்கும் விடும் நேரங்களில் லொறியே வேண்டாம். தரிப்பிடம் களஞ்சியமானால் அனுமதி ரத்து என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அறிக்கையின் பிரதி கேட்டு விண்ணப்பம் தயார். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறு எண்ணிக்கை கோரும் கடிதமும் கூடவே போகிறது. அதில் கையெழுத்திட விரும்பும் பெற்றோர் வியாழன் அஸருக்குப் பின் பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். உம்மாமாரும் வாருங்கள், தினமும் பிள்ளையின் கையைப் பிடித்து அந்த வீதியைக் கடப்பது நீங்கள்தானே.