கடனும் நாணமும்

கடன் என்னும் சொல்லுக்குக் கடமை என்றும் பொருளுண்டு. வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில், வசூலுக்கு வருபவர் வாசலில் நின்று உரக்கப் பேசுவது அண்டை வீட்டார் காதில் விழவே. நகைக்கடனுக்கு நகை ஈடு. இங்கே நாணமே ஈடு!

இதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2022 ஆகஸ்ட் 12-இல் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கையின்படி, கடனாளியைக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கலாகாது, பிறரறிய இழிவுபடுத்தலாகாது, குடும்பத்தாரையும் நண்பரையும் தொல்லைப்படுத்தலாகாது. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. 2025-இல் தமிழக அரசும் வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்கத் தனிச்சட்டம் இயற்றியது.

இருந்தும் திருச்சியில் நம் மாணவர் சிலரின் பெற்றோர் கைப்பேசியை அணைத்துவிட்டு அஞ்சியிருக்கின்றனர். அழைப்பு வந்த நேரத்தைக் குறித்துவைத்து முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.