மனம் திறந்து: சாரதிப் பரீட்சையும் நடுங்கும் கைகளும்

அன்பான சகோதரிகளே,

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் என் கைக்கு வந்தது. "எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஸ்கூட்டியை நன்றாகவே ஓடுகிறேன். ஆனால் ட்ரயல் என்று நினைத்தாலே கை வேர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது. திகதி கிடைத்தும் போகாமல் விட்டுவிட்டேன். இது எனக்குச் சரிவராது போலிருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அதே கை வேர்வையோடு 2012 ஆம் ஆண்டு நானும் ஒரு மைதானத்தில் நின்றிருக்கிறேன். ஒருமுறை தோற்றும் இருக்கிறேன். ஆகவே இம்முறை என் கதையையே சொல்கிறேன்.

மெனிக்பாம் முகாமிலிருந்து 2010 இல் கிளிநொச்சிக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. கணவரும் இல்லை. மாமி, மகள், நான் என்று மூன்று பெண்கள். இரண்டு வருடம் கூலி வேலையும் கோழி வளர்ப்புமாகக் காலம் போனது. பிறகு ஒரு நிறுவனத்தில் வெளிக்களப் பணியாளர் வேலை கிடைக்கும் போலிருந்தது. சுயதொழில் செய்யும் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் வரும். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

வண்டி ஓடுவது எனக்குப் புதிதல்ல. 1990 களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தம்பியின் அப்படியொரு வண்டியில் புகை குடித்துக்குடித்து ஓடிப் பழகியவள் நான். எழுத்துப் பரீட்சையின் 40 கேள்விகளுக்கும் மகளே எனக்கு ஆசிரியை. வீதிச் சமிக்ஞைகளை அட்டையில் வரைந்து குசினிச் சுவரில் ஒட்டிவிட்டாள். சோறு வடிக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் அவற்றைப் பார்த்துப் பாடமாக்கினேன். ஒரே தடவையில் சித்தியடைந்தேன். ஆகவே செய்முறைப் பரீட்சையைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை.

அன்று மைதானத்துக்குப் போனேன். வரிசையில் நின்றோம். பரீட்சகர் கையில் கோப்போடு வந்தார். என்னைப் பார்த்து விரலால் கூப்பிட்டு, "அடையாள அட்டை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குரலில் கடுமையும் இல்லை. ஆனால் என் கால் இரண்டும் கனத்துவிட்டன. அந்த ஒரு சொல்லோடு எத்தனை சோதனைச் சாவடிகள் என் கண் முன்னால் வந்து நின்றன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒருவாறு ஏறி எட்டுப் போடத் தொடங்கினேன். முதல் வளைவு சரி. இரண்டாவது வளைவில் திரும்பும்போது வெளியே றோட்டில் போன ரிப்பர் ஒன்றின் பின்கதவு படார் என்று அடித்தது. நான் இரண்டு பிறேக்கையும் இறுக்கிப் பிடித்து, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றிக் குனிந்துவிட்டேன். கால் ஊன்றினால் அவ்வளவுதான். பின்னால் நின்ற பெடியன்கள் சிரித்தார்கள். நான் என்னத்துக்குக் குனிந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, "வெடிச்சத்தம் கேட்டுக் குனிஞ்சபடியாலதான் பிள்ளை நீ இண்டைக்கு உயிரோட இருக்கிறாய். அந்தப் பழக்கம் ஒரு நாளில போகுமே?" என்றார். நான் பின்னாளில் உளவளத்துணைப் பயிற்சியில் படித்த எல்லாவற்றின் சாரமும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது.

சகோதரிகளே, உடலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ஆபத்து என்று மூளை நினைத்த கணத்தில் அதிரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் இறுகுகின்றன, உள்ளங்கை வேர்க்கிறது. ஓடித் தப்புவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்யும் ஆயத்தம் இது. செல் விழுந்த காலத்தில் யோசிக்காமல் பதுங்குகுழிக்குள் எங்களைத் தள்ளியது இந்த ஆயத்தமே. சண்டை 2009 மே மாதத்தோடு முடிந்தது என்பது எங்கள் புத்திக்குத் தெரியும். உடலுக்கு அதை ஆறுதலாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆகவே கை நடுங்குவது உங்களுக்கு ஓடத் தெரியாது என்பதன் அடையாளம் அல்ல. கோழை என்பதன் அடையாளமும் அல்ல.

இன்னொன்றையும் அறிந்து வைத்திருங்கள். பதகளிப்பு முழுதாக இல்லாமற்போக வேண்டும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை. ரொபேட் யேர்க்ஸ், ஜோன் டொட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1908 ஆம் ஆண்டு எலிகளை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்று உளவியலில் பிரபலமானது. கடினமான ஒன்றைக் கற்கும்போது தூண்டல் மிகக் குறைந்தாலும் கற்றல் பிந்தியது, மிகக் கூடினாலும் பிந்தியது, நடுத்தர அளவிலேயே நன்றாக நடந்தது. கறிக்கு உப்புப் போலத்தான் இதுவும். கொஞ்சப் படபடப்பு எங்களை விழிப்பாக வைத்திருக்கும். அளவுக்கு மிஞ்சினால்தான் கை இறுகிவிடும்.

நிறுவனத்தார் எனக்கு ஒரு மாதம் தவணை தந்தார்கள். இரண்டாவது திகதியும் அதற்குள் கிடைத்தது. அந்த நாட்களில் நாங்கள் மூவரும் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பரீட்சை நாளை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். வளவில் சாம்பலால் எட்டுக் கீறினோம். மாமி கதிரையில் கொப்பியோடு இருந்து பரீட்சகர் ஆனார். விரலால் கூப்பிட்டு, "எங்கை அடையாள அட்டை?" என்று அதட்டுவார். நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் கண்ணாடி இல்லாமல் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். முதல் இரண்டு நாளும் எனக்கு நெஞ்சு இடித்தது. மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது, சத்தத்துக்குப் பழகினோம். நான் எட்டுப் போடும்போது மகள் தகரத்தில் தட்டுவாள். முதலில் வேலிக்கரையில் நின்று மெதுவாக, நான் சொன்னபோது மட்டும். பிறகு கொஞ்சம் கிட்ட வந்து, கொஞ்சம் பலமாக. கடைசி வாரத்தில்தான் சொல்லாமல் தட்டினாள். இதை அவசரப்படுத்தக் கூடாது. நீங்கள் நம்புகின்ற ஒருவரே செய்ய வேண்டும். தலை சுற்றினாலோ பழைய காட்சிகள் கண்ணில் வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, கண் எங்கே பார்க்க வேண்டும் என்று பழகினேன். பயம் வந்தால் கண் முன்சில்லைப் பார்க்கும், அல்லது கோட்டைப் பார்க்கும். பார்க்கும் இடத்துக்கே வண்டியும் போகும். எட்டுப் போடும்போது தலையைத் திருப்பி, அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள். வளைவில் முன் பிறேக்கைத் தொடாதீர்கள். ஸ்கூட்டி என்றால் இடக்கைப் பிறேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்து வேகத்தை ஒரே அளவில் வைத்திருங்கள். கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை கொடுத்தால் மனம் அலைவது தானாகவே குறையும்.

நான்காவது, மூச்சு. மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். பத்துத் தடவை போதும். அதன்பின் இரண்டு கையையும் ஐந்து எண்ணும் வரை இறுகப் பொத்தி, சட்டென்று விடுங்கள். தோளையும் அப்படியே உயர்த்தி விடுங்கள். இறுக்கித் தளர்த்தும் இந்த முறை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929 இல் நூலாக எழுதியது. எங்கள் பகுதியில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் இதனோடு மூச்சுப் பயிற்சி, மந்திரம் சொல்லுதல் போன்ற எங்கள் வழக்கங்களையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். ஆகவே தேவாரமோ செபமாலையோ திக்ரோ, உங்களுக்குப் பழக்கமானதை மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். ஒன்று மட்டும் கவனம். பரீட்சை நாளில்தான் முதன்முதலாகச் செய்து பார்த்தால் பலன் தராது. படுக்கப் போகுமுன் நாளாந்தம் ஐந்து நிமிடம் பழகி வைத்திருங்கள்.

ஐந்தாவது, முதல் நாள் இரவு வேலையை முடித்துவிடுங்கள். அடையாள அட்டை, பயிலுநர் அனுமதிப்பத்திரம், பரீட்சைத் திகதி உள்ள கடதாசி எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். தலைக்கவசத்தின் பட்டி, பிறேக், சிக்னல் விளக்கு, பெற்றோல் பாருங்கள். காலுக்கு இறுக்கமான செருப்பு அல்லது சப்பாத்து, சில்லில் சிக்காத உடுப்பு. காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். விரதம் என்றால் வேறு திகதி கேளுங்கள். காத்திருக்கும்போது மற்றவர்கள் விழுவதை எண்ணிக்கொண்டிருக்காமல் தண்ணீர் குடித்து நிழலில் நில்லுங்கள். பரீட்சகர் சொன்னது விளங்காவிட்டால், "திரும்ப ஒருக்கா சொல்லுங்கோ" என்று கேட்பதில் பிழையில்லை.

இரண்டாவது தடவை போன அன்றும் எனக்குக் கை வேர்த்தது. அதே மைதானம், அதே வரிசை. வேறொரு பரீட்சகர் வந்து, அதேபோல விரலால் கூப்பிட்டு அடையாள அட்டை கேட்டார். அவர் அதைப் பார்த்தபோது, தலைகீழாகப் பிடித்த மாமிதான் என் நினைவுக்கு வந்தார். மூச்சை நீளமாக விட்டேன். ஏறினேன். கைப்பிடியில் விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கிய கையோடேயே எட்டை முடித்தேன். இரண்டாவது வளைவில் பஸ் ஒன்று நீளமாகக் கோர்ன் அடித்தது. என் தோள் ஒருமுறை துள்ளியது, கால் மட்டும் நிலத்துக்கு வரவில்லை.

அந்த வேலை இரண்டு வருடத்தில், திட்டம் முடிய முடிந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் என்னோடு இருக்கிறது. அதை வைத்து இன்னொரு வேலை தேடினேன், மகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கினேன். மாமி 2019 இல் காலமாகும் வரை கிளினிக்குக்கு என் பின்னால் இருந்துதான் வந்தார். வழியில் பொலிஸ் மறித்தால் எனக்கு முன்னரே, "எடுத்துக் காட்டு பிள்ளை" என்பார்.

இவ்வளவும் செய்தும் நித்திரை வராமல், கெட்ட கனவுகளோடு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு நாளாந்த வேலையே செய்ய முடியாமல் இருந்தால், அது பரீட்சைப் பயம் மட்டும் அல்ல. உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதுபோலத்தான் இதுவும். ஒளித்து வைக்க வேண்டிய விடயம் அல்ல.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தவறவிட்டது ஒரு திகதியை மட்டும்தான். இன்னொரு திகதி கேட்டு வாங்குங்கள். இம்முறையும் சரிவராவிட்டால் அதற்கடுத்த திகதி இருக்கிறது. அதுவரை வளவில் சாம்பலால் எட்டுக் கீறுங்கள். பரீட்சகராக இருக்க வீட்டில் ஒருவரைப் பிடியுங்கள். கொஞ்சம் அதட்டத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

ட்ரயல் முடிந்ததும் பாஸா பெயிலா என்று பார்க்காமல் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி