கழக்கூட்டத்தின் வாடகைக் குடிகளும் இடதுசாரிகளின் கடமையும்

திருவனந்தபுரத்தின் வடக்கு விளிம்பில் உள்ள கழக்கூட்டம், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை தென்னையும் மரவள்ளியும் வளர்ந்த ஓர் ஊராட்சி. 1990இல் ஈ.கே.நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு அங்கே டெக்னோபார்க்கைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அதுவே. தனியார் மூலதனம் தானாக வந்து கட்டியதல்ல. அரசின் நிலம், அரசின் முதலீடு, அரசின் திட்டம். 2010இல் கழக்கூட்டமும் ஸ்ரீகாரியமும் வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் ஆகியவற்றோடு சேர்த்து மாநகராட்சியில் இணைக்கப்பட்டன. 2022இல் தேசிய நெடுஞ்சாலையின் மேல் உயர்மட்டப் பாலமும் வந்தது. இவை அனைத்தும் மக்கள் பணத்தில் நடந்தவை. இவற்றால் உயர்ந்த நிலமதிப்பு மட்டும் வேறொரு வழியில் பயணித்தது. அது வாடகையாக உருமாறி, அந்தப் பூங்காவில் உழைப்பவர்களின் சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் கழிக்கப்படுகிறது.

டெக்னோபார்க்கில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ் இளைஞர்கள். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் தினமும் போய்வர முயன்று, சில மாதங்களில் உடல் தளர்ந்து, கழக்கூட்டத்திலோ மேனம்குளத்திலோ ஓர் அறை தேடியவர்கள் பலர். அவர்களுக்குப் பின்னால், எந்தக் கணக்கெடுப்பிலும் சரியாகப் பதிவாகாத இன்னொரு கூட்டம் இருக்கிறது: காவலர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், உணவகப் பணியாளர்கள், இருசக்கர வாகனத்தில் உணவு கொண்டு செல்வோர், கட்டுமானத்தில் நிற்கும் வங்காள, அசாம், ஒடிசா தொழிலாளர்கள். குலாட்டி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிட்டது. ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஆள் கணக்கில் வாடகை கொடுத்து வாழ்வோர் இவர்களே. சதுர அடிக் கணக்கில் பார்த்தால், கண்ணாடி மாளிகையில் வேலை செய்யும் பொறியாளரைவிட இவர்கள் கொடுக்கும் வாடகை அதிகமாக இருப்பதும் உண்டு.

இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறிய மாட்டார்கள். ஆனால் சட்டத்தின் முன் இருவரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

திருவனந்தபுரத்தில் வீடு தேடும் தமிழருக்கு ஒரு சொல் மட்டும் அந்நியமாக இருக்காது: ஒத்தி. மலையாளத்தில் ஒற்றி என்பர். தென்மாவட்டங்களில் வழங்கும் அதே ஏற்பாடுதான். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை; வெளியேறும்போது தொகை முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். பழைய திருவிதாங்கூரில் நிலத்தை அனுபவிக்கும் உரிமையோடு கூடிய அடமானமாக இருந்தது, இன்று நகரத்து வீடுகளில் மறுபிறவி எடுத்திருக்கிறது. மாத வாடகை இல்லை என்பதால் குடியிருப்பவருக்கு இது இலாபமாகத் தோன்றும். ஆனால் அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான். ஐந்து லட்சம் ரூபாய்க்குப் பத்து விழுக்காடு வட்டி என்றால் மாதம் நாலாயிரத்துக்கு மேல் வங்கிக்குப் போகிறது. வாடகை மறையவில்லை; பெறுபவர் மட்டும் மாறியிருக்கிறார்.

சிக்கல் தொடங்குவது பணம் திரும்பி வரும் நாளில். வீட்டுக்காரர் அத்தொகையை மகளின் திருமணத்துக்கோ, மாடி எடுக்கவோ செலவழித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் முதலாமவருக்குப் பணம். அதுவரை இவர் வீட்டைக் காலி செய்யவும் முடியாது, இருக்கவும் முடியாது. அதே வீட்டின் மீது வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும்போது, வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ எழுதிக் கையொப்பமிட்ட ஒத்திச் சீட்டுக்கு வலுவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானம் பதிவு பெற்ற பத்திரத்தின் மூலமே செல்லும். பதிவுச் செலவுக்கு அஞ்சி இரு தரப்பும் அதைத் தவிர்க்கின்றனர். இழப்பு ஒரு தரப்புக்கு மட்டுமே நேர்கிறது.

மாத வாடகைக்கு இருப்போரின் கதை வேறு வகை. பதினொரு மாத ஒப்பந்தம் என்பது ஊரறிந்த வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதியிலிருந்து தப்பும் வழி அது. அதிலும் ‘குத்தகை’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘அனுமதி’ என்று எழுதிவிட்டால், வாடகைதாரர் என்ற தகுதியே கேள்விக்குள்ளாகிறது. பி.ஜி. விடுதிகளில் தங்கும் இளம்பெண்களுக்கு அந்தத் தாளும் இல்லை. கட்டணம் உயர்ந்தால் கொடுக்க வேண்டும். இல்லையேல் பெட்டியோடு வெளியேற வேண்டும்.

கேரளத்தில் 1965ஆம் ஆண்டின் கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் இருக்கிறது. வீட்டைக் காலி செய்வதற்கான காரணங்களை அது வரையறுக்கிறது. ஆனால் நியாய வாடகை நிர்ணயம் குறித்த அதன் பிரிவுகளை 1995இல் கேரள உயர்நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தீர்ப்பளித்தது. பெயரில் வாடகைக் கட்டுப்பாடு உள்ள சட்டம், வாடகையைக் கட்டுப்படுத்தும் பிரிவை இழந்து நிற்கிறது. அந்த வெற்றிடத்தைப் புதிய சட்டத்தால் நிரப்ப வேண்டியது சட்டமன்றத்தின் பொறுப்பு. அதை வலியுறுத்தி வீதியில் இறங்கிய இயக்கம் எதையும் நினைவுகூர இயலவில்லை என்பதே உண்மை.

இது நிகழ்ந்திருப்பது எந்த மண்ணில் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தங்கள், நிலவுடைமையாளரின் பூமியில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்கு அந்த மண்ணின் மீதே உரிமை வழங்கின. ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரில் மூன்று. ‘இறங்கிப் போ’ என்று சொல்லும் அதிகாரம் ஜன்மியிடமிருந்து பறிக்கப்பட்டது. அதற்காக வேலிகட்டிப் போராடி உயிரீந்தோர் உண்டு. 1972இல் அச்சுத மேனன் அமைச்சரவையில் வீட்டுவசதிப் பொறுப்பை வகித்த எம்.என்.கோவிந்தன் நாயர் ஒரு லட்சம் வீடுகள் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் லைஃப் திட்டத்தின் வழி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு பெற்றன. மாபெரும் சாதனைகள் இவை. ஆனால் எல்லாமே ஒரே திசையைப் பார்த்தவை: வீடற்றவரைச் சொந்த வீட்டுக்காரராக்குவது. சொந்த வீடு வேறெங்கோ இருந்தும் பிழைப்புக்காக நகர்ந்து வந்து அந்நியக் கூரையின் கீழ் வாழ்பவருக்கு இந்த மரபில் இடம் ஒதுக்கப்படவில்லை.

1872இல் எங்கெல்ஸ் ‘குடியிருப்புப் பிரச்சினை’ பற்றி எழுதியபோது மறுத்ததும் இதை ஒத்த ஒரு கருத்தையே. வாடகையைத் தவணையாக்கி ஒவ்வொரு தொழிலாளியையும் வீட்டுக்குச் சொந்தக்காரராக்கினால் போதும் என்று புரூதோனியர்கள் கூறினர். வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளிக்குச் சிறு வீடு ஒரு விலங்காகவும் மாறலாம் என்று அவர் சுட்டினார். கூடவே இன்னொன்றையும் கூறினார்: வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள உறவு, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவல்ல, அது ஒரு சரக்கு விற்பனை.

இந்த இரண்டாவது கருத்து கழக்கூட்டத்தில் மிக முக்கியமானது. அங்கே வாடகைக்கு விடுவோர் யார்? அடுக்குமாடி நிறுவனங்கள் சில. மற்றபடி வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் மாடி எடுத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மகன் வெளிநாடு சென்றபின் தனித்திருக்கும் மூதாட்டி. இவர்களில் கட்சி உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் ஏராளம். ஓட்டுரிமையும் உள்ளூர்க் குழுவும் நூலகமும் குடியிருப்போர் சங்கமும் இவர்கள் கையில். வாடகைதாரரின் வாக்கோ பெரும்பாலும் நாகர்கோவிலிலோ முர்ஷிதாபாத்திலோ. வாடகைப் பிரச்சினையில் இடதுசாரி இயக்கம் மௌனம் காப்பதற்குக் கொள்கைக் குழப்பத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்று சொன்னால் சில தோழர்களுக்குக் கசக்கலாம். ஓய்வூதியத்தோடு மாடி வாடகையையும் நம்பி வாழும் ஆசிரியரை வர்க்க எதிரியாக்க வேண்டியதில்லை. ஆனால் விற்பனை என்றால் அதற்கு எடையும் அளவும் ரசீதும் வேண்டுமல்லவா? அரிசிக் கடைக்கு உள்ள ஒழுங்கு கூட வீட்டு வாடகைக்கு ஏன் இருக்கக் கூடாது?

ஒழுங்கு இல்லாத இடத்தில் அதிகாரம் வேறு உருவெடுக்கிறது. 2022 ஜூலையில் ஸ்ரீகாரியத்தில் அரசுப் பொறியியல் கல்லூரிக்கு அருகிலிருந்த பேருந்து நிறுத்தத்தின் நீண்ட இருக்கை, மாணவரும் மாணவியும் சேர்ந்து அமரக் கூடாதென்று மூன்று தனி இருக்கைகளாக வெட்டப்பட்டது. மாணவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து எதிர்ப்பைக் காட்டினர். மேயர் ஆர்யா ராஜேந்திரன் நேரில் வந்து அவர்கள் பக்கம் நின்றார். பின்னர் அந்த நிழற்குடை அகற்றப்பட்டது. செய்தியாகியதால் அது முடிவுக்கு வந்தது. ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்ற பலகையும், இரவு ஒன்பதரைக்குப் பூட்டப்படும் வாசலும், பெயரைக் கேட்டதும் ‘வீடு போய்விட்டதே’ என்று வரும் பதிலும் செய்தியாவதில்லை.

வீடே இல்லையா என்றால் அதுவும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஏறத்தாழ 12 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2025-26 நிதிநிலை அறிக்கை அவற்றைப் பயன்படுத்த ‘கே-ஹோம்ஸ்’ திட்டத்தை அறிவித்தது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் தங்குவதற்காக. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று திருவனந்தபுரத்தை அடுத்த கோவளம். சுற்றுலா வருமானம் தேவைதான். எனினும் நான்கு நாள் தங்க வருபவருக்கு அரசே இடைநின்று பூட்டைத் திறந்து தர முடியுமானால், நான்காண்டு உழைக்க வருபவருக்கும் அதைச் செய்ய முடியும்.

ஒன்றிய அரசு காட்டும் வழி வேறு. 2021இல் அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது, எழுத்து மூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் வாடகையின் அளவை முற்றிலும் ‘இருவர் உடன்பாட்டுக்கு’ விட்டுவிட்டு, காலங்கடந்து தங்குவோரிடம் முதலில் இரட்டிப்பு, பிறகு நான்கு மடங்கு வாங்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமும் நியாய வாடகையைக் கைவிட்டதுதான். பொதுமுடக்கத்தில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தில் வாடகை வீடுகளாக மாற்றப்பட்ட அரசுக் காலி வீடுகள் நாடு முழுவதும் ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. விடுதி உணவால் பாதிக்கப்பட்ட பெண்கள் 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் அமர்ந்திராவிட்டால் அது இவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் வேலை தருபவரின் பிடியிலேயே படுக்கையும் இருந்தால், வேலைநிறுத்தம் செய்பவர் அன்றே வீதிக்கு வருவார். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 2019இல் கேரள அரசு திறந்த ‘அப்னா கர்’ விடுதி, அளவில் சிறியதெனினும் அரசின் பொறுப்பில் இயங்குவது. டெக்னோபார்க்கைச் சுற்றி அத்தகையவை ஏன் எழக் கூடாது?

1915இல் கிளாஸ்கோ நகரின் பெண்கள், மேரி பார்பர் போன்றோர் தலைமையில் உயர்த்தப்பட்ட வாடகையைத் தர மறுத்தனர். கப்பல்கட்டும் தொழிலாளர்கள் துணை நின்றனர். ஆண்டு முடிவதற்குள் பிரிட்டன் அரசு போருக்கு முந்தைய அளவில் வாடகையை நிறுத்தும் சட்டம் இயற்றியது. தொழிற்சங்கமும் தெருவும் கைகோத்ததால் அது இயன்றது. கழக்கூட்டத்தில் ஐ.டி. ஊழியர்களிடையே ‘பிரதித்வனி’ போன்ற அமைப்பு செயல்படுகிறது. கட்டுமானத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து வாடகை பற்றிப் பேசலாம். அதற்கு முன் உள்ளூர்க் குழுக்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு: வீடு வாடகைக்கு விடும் உறுப்பினர்கள் எழுத்து மூல ஒப்பந்தமும் மாதாந்திர ரசீதும் தருவதை, முன்பணம் இரண்டு மாதத்தைத் தாண்டாதிருப்பதைக் கட்சி ஒழுங்காகக் கொள்வது. அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒத்திக்கும் ஒரு வழி உண்டு. அத்தொகை வீட்டுக்காரர் கைக்குப் போகாமல் கூட்டுறவு வங்கியில் இருவர் பெயரிலும் வைப்பாக இருக்கட்டும். வட்டி வீட்டுக்காரருக்கு வாடகையாகச் சேரட்டும். முதல் குடியிருந்தவருடையதாகவே நிற்கட்டும். கருவன்னூர் வங்கியில் 2021இல் வெளிவந்த முறைகேடுகளுக்குப் பிறகு கூட்டுறவை நம்பச் சொல்வது எளிதல்ல. அதனால் அந்த வைப்புகளுக்கு அரசு உத்தரவாதமும் ஆண்டுதோறும் வெளிப்படையான தணிக்கையும் சேர்த்தே கோரப்பட வேண்டும்.