சிறிய பெட்டியும் பெரிய அட்டையும்: ஆய்வாளர் எதை மேம்படுத்த வேண்டும்?

கணினிசார் மொழியியலிலும் பேச்சொலி ஆய்விலும் ஈடுபட்டுள்ள முனைவர் பட்ட ஆய்வாளர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. விடுதி அறையில் இருக்கும் சிறிய கேமிங் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டை, அதாவது வரைகலை அட்டையை, மாற்றலாமா வேண்டாமா? தனிமனிதர் ஒருவரின் கொள்முதல் விவகாரம் போலத் தோன்றும் இக்கேள்விக்குள் ஆய்வு நிதி, துறைகளின் பொறுப்பு, களத்தரவின் அறம் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. பெரும்பாலான ஆய்வாளர்களுக்குப் புதிய அட்டை தேவையில்லை. உண்மையாகவே தேவைப்படுவோருக்கு அதை வழங்கும் பொறுப்பு துறையைச் சேர்ந்தது. ஆய்வாளரின் மாத உதவித்தொகை அதற்கு உரியதன்று. இவ்விரண்டுமே இப்பதிவின் வாதம்.

சிறிய கணினியை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. விடுதி மேசை சிறியது. பட்டக் காலத்தில் அறை மாறும். சில நேரங்களில் ஊரே மாறும். 17 செ.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டில் அமைத்த கணினியை ஒரு பயணப் பையில் வைத்து இரயிலில் கொண்டுபோய்விடலாம். மடிக்கணினியைப் போலன்றி, இதில் பாகங்களை மாற்றவும் இயலும். பகலில் ஒலியலைப் பகுப்பாய்வு, இரவில் விளையாட்டு என இரண்டுக்கும் ஒரே பெட்டி போதும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிக்கல் தொடங்குவது, ‘இனி இதை மேம்படுத்த வேண்டும்’ என்ற எண்ணம் தோன்றும் இடத்தில்தான்.

‘மேம்படுத்து’ என்ற வினையின் முன் மொழியியல் மாணவர் சற்று நின்று யோசிக்க வேண்டும். ‘எதற்கு’ என்ற நான்காம் வேற்றுமைச் சொல் இன்றி அதன் பொருள் நிறைவதில்லை. அன்றாடப் பேச்சில் அச்சொல் தானாக விடுபடுகிறது. விளம்பரத்தில் வேண்டுமென்றே விடப்படுகிறது. என்விடியா நிறுவனத்தின் இரண்டு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையில் 12 ஜிபி நினைவகம் உண்டு. அது 170 வாட் மின்சாரம் கொள்ளும். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 அட்டை 115 வாட்டில் இயங்குகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் முன்னதைவிட வேகமானது. ஆனால் நினைவகம் 8 ஜிபி மட்டுமே. விளையாடுபவருக்கு 3060இலிருந்து 4060க்குச் செல்வது முன்னேற்றம். மொழி மாதிரியைப் பயிற்றுவிப்பவருக்கு அதே மாற்றம் பின்னடைவாகலாம். வேகம் குறைந்தால் வேலை தாமதமாக முடியும். நினைவகம் போதாவிட்டால் வேலை தொடங்கவே தொடங்காது. விளையாட்டுக்காக எழுதப்படும் மதிப்புரைகளை நம்பி ஆய்வுக்கான அட்டையை வாங்குவோர் இடறுவது இங்கேதான்.

ஆகவே முதலில் போட வேண்டியது நினைவகக் கணக்கு. ஒரு மாதிரியை இயக்க மட்டும் வேண்டுமெனில், 16 பிட் வடிவில் ஓர் அளவுருவுக்கு 2 பைட் தேவை. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரி 14 ஜிபி கேட்கும். அதையே 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 3.5 ஜிபியில் அடங்கும். பயிற்சி என்று வந்தால் கணக்கு மாறுகிறது. வழக்கமான முழுப் பயிற்சியில் எடைகள், சாய்வுகள், ஆடம் என்னும் உகப்பாக்க முறை சேமித்துவைக்கும் எண்கள் எல்லாம் சேர்ந்து ஓர் அளவுருவுக்குச் சுமார் 16 பைட் தேவைப்படும். 128 மொழிகளின் பேச்சில் முன்பயிற்சி பெற்ற எக்ஸ்எல்எஸ்-ஆர் மாதிரியின் சிறிய வடிவத்தில் 30 கோடி அளவுருக்கள் உள்ளன. அதற்கு 5 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவும், இடைநிலைக் கணக்குகளுக்கென மேலும் சில ஜிபியும் வேண்டும். ஒலிக்கோப்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்தால் 12 ஜிபி அட்டையில் இப்பணி நடக்கும். விஸ்பர் மாதிரியின் பெரிய வடிவத்தில் சுமார் 155 கோடி அளவுருக்கள். அதை முழுமையாகப் பயிற்றுவிக்க 25 ஜிபி வரை தேவை. 24 ஜிபி கொண்ட விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 4090கூட இதற்குப் போதாது. ஆனால் எடைகளை உறையவைத்துச் சிறிய கூடுதல் அணிகளை மட்டும் பயிற்றுவிக்கும் லோரா முறையில், உறைந்த எடைகள் 3 ஜிபியளவில் அடங்கிவிடும்; 12 ஜிபி அட்டையே பெரும்பாலும் போதும்.

இந்தக் கணக்கிலிருந்து பெறப்படுவது ஒன்று உண்டு. 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்குத் தாவுவதால் புதிதாகக் கைகூடும் ஆய்வுகள் நினைப்பதைவிடக் குறைவு. பல பணிகள் முறையை மாற்றினால் பழைய அட்டையிலேயே நடக்கும். வேறு பல பணிகள் புதிய அட்டையிலும் நடவா. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பகுதியில் தம் ஆய்வு விழுகிறது என்று காட்ட இயன்றவருக்கே அட்டையை மாற்றும் நியாயம் உண்டு. பிராட் மென்பொருளில் உயிரொலிகளை அளப்பவருக்கும், ஈலானில் உரையாடலைக் குறியிடுபவருக்கும், மான்ட்ரியால் ஃபோர்ஸ்டு அலைனரைக் கொண்டு ஒலியையும் எழுத்தையும் பொருத்துபவருக்கும் வரைகலை அட்டையின் உதவியே வேண்டியதில்லை. அவையெல்லாம் சாதாரணச் செயலியில் இயங்குபவை.

அடுத்த கட்டுப்பாடு பெட்டியிலிருந்து வருகிறது. சிறிய பெட்டியில் அட்டையின் நீளம், தடிமன், மின்தேவை ஆகிய மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் சொருகிடம் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்குமேல் வேண்டுமெனில் பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி தேவை. 8 முள் இணைப்பு மேலும் 150 வாட் தரும். அலுவலகக் கணினியாக விற்கப்படும் பல சிறிய பெட்டிகளில் அந்த இணைப்பே இராது. அங்கே பொருந்துவது 70 வாட் கொள்ளும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம் போன்ற அட்டைகள்தாம். நினைவகமோ 6 ஜிபியோடு நின்றுவிடுகிறது. பெரிய அட்டை வேண்டுமென்றால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். அது புகாவிட்டால் பெட்டியை மாற்ற வேண்டும். பெட்டி மாறினால் ‘சிறியது, தூக்கிச் செல்லலாம்’ என்று வாங்கிய காரணமே அடிபட்டுப் போகிறது. அட்டையின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இந்தச் சங்கிலியின் மொத்த விலையைப் பின்னர்தான் அறிகிறார்.

பருவநிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அறையில் செய்யப்படுபவை. தில்லியிலோ நாக்பூரிலோ மே மாதத்தில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வெளிவெப்பத்தில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், காற்றோட்டம் குறைந்த சிறு பெட்டிக்குள் அதே அட்டை அதே வேகத்தில் ஓடாது. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அட்டை கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகி அந்த அறைக்குள்தான் இறங்குகிறது. 170 வாட் அட்டை பத்து மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 1.7 யூனிட். அதே அறையில் உறங்க வேண்டிய இன்னொருவரும் இருக்கிறார். மின்வரம்பை மென்பொருள்வழிக் குறைத்தால் வெப்பம் கணிசமாகத் தணியும். வேக இழப்பு பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். புதிய அட்டையை எண்ணுமுன் செய்து பார்க்க வேண்டிய செலவற்ற சீர்திருத்தம் இது.

‘விளையாட்டு அட்டையில்தானே ஆழ்கற்றல் புரட்சியே தொடங்கியது’ என்ற வாதம் அடிக்கடி வரும். அது உண்மைதான். 2012இல் டொராண்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகியோர் உருவாக்கிய அலெக்ஸ்நெட் மாதிரி, 3 ஜிபி நினைவகம் கொண்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளில் பயிற்றுவிக்கப்பட்டது. ஓர் அட்டையில் மாதிரி அடங்காததால் அதை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். ஆனால் கதையின் மறுபாதி சொல்லப்படுவதில்லை. ஏறத்தாழ 12 லட்சம் படங்கள், ஒவ்வொன்றுக்கும் மனிதர் இட்ட பெயர்க்குறியுடன், அவர்களுக்கு முன்பே ஆயத்தமாக இருந்தன. இந்திய மொழிகளில் பலவற்றுக்கு அந்த மறுபாதி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோண்டியைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 30 லட்சம். குடுக் மொழிக்கு ஏறத்தாழ 20 லட்சம். இத்தனை பேர் பேசியும், எழுத்துப்பெயர்ப்புடன் கூடிய பேச்சுத்தரவு அம்மொழிகளில் அரிது. இங்கே பற்றாக்குறையாக இருப்பது செம்மையாக எழுத்துப்பெயர்க்கப்பட்ட மணிநேரங்கள். அட்டைக்குச் செல்லும் பணம் ஒரு களப்பயணத்துக்கும், நல்ல ஒலிவாங்கிக்கும், எழுத்துப்பெயர்ப்பில் உடனிருந்து உதவும் தாய்மொழிப் பேச்சாளருக்கான ஊதியத்துக்கும் சென்றால் ஆய்வேடு அதிகம் வளரும்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. கேகிள் வாரத்துக்கு 30 மணி நேரம் வரைகலை அட்டைப் பயன்பாட்டை இலவசமாகத் தருகிறது. கூகுள் கோலாபும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினால் போதாதா என்று நெறியாளர்கள் கேட்பர். பொதுவில் வெளியிடப்பட்ட தரவுக்குப் போதும். ஆனால் ஒரு முதியவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்ன குடும்பக் கதையையும், சடங்கின்போது மட்டும் பாடப்படும் பாடலையும் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் சேவையகத்தில் ஏற்றலாம் என்று அவரிடம் ஒப்புதல் பெறப்பட்டதா? ‘ஆய்வுக்காகப் பதிவு செய்கிறோம்’ என்ற ஒற்றை வரிக்குள் அது அடங்காது. தரவு தம் கையை விட்டுப் போகக் கூடாது என்று கருதும் ஆய்வாளருக்கு உள்ளூரிலேயே கணிக்கும் வசதி ஓர் அறத்தேவை. அட்டையை மாற்றுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவே முதன்மையானது.

ஆனால் அந்த அறத்தேவை நிறைவேறுவது யார் பணத்தில்? 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். 16 ஜிபி அட்டை ஒன்றின் விலை அதைத் தாண்டுவது வழக்கம். நெட் உதவித்தொகை பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பயில்வோர்க்கு மாதம் 8,000 ரூபாய். அவர்களுக்கு இது ஐந்து மாத வாழ்க்கை. மானுடவியல் புலங்களில் இளநிலை ஆய்வாளருக்கான இதரச் செலவுத் தொகை முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய். புத்தகம், அச்சு, பயணம் எல்லாம் அதற்குள். வேதியியல் மாணவர் எவரும் நிறமாலைமானியைத் தம் உதவித்தொகையில் வாங்கி விடுதி அறையில் வைத்துக்கொள்வதில்லை. மொழியியல் மாணவர் மட்டும் தம் ஆய்வுக்கூடத்தைத் தாமே வாங்கி, அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் செலுத்துவது இயல்பாகிவிட்டது. கலைப்புலத் துறைக்குக் ‘கருவி’ என்று ஒன்று தேவைப்படும் என்பதையே நிதிப் பட்டியல்கள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

மாற்று வழி தொலைவில் இல்லை. பத்து விடுதி அறைகளில் பத்து 8 ஜிபி அட்டைகள் இருப்பதைவிட, துறையின் ஆய்வுக்கூடத்தில் 24 ஜிபி அட்டையுடன் ஒரே கணினி, முன்பதிவு ஏடு, வளாகத்துக்குள்ளிருந்து மட்டும் அணுகும் வசதி ஆகியவை இருந்தால் பயன் மிகுதி. ஆய்வாளர் ஒருவர் பயிற்சி ஓட்டும் நாள்கள் பட்டக் காலத்தில் சொற்பம். மற்ற நாள்களில் அட்டை உறங்குகிறது. களத்தரவும் வளாகத்தை விட்டு வெளியேறாது. பெரிய தேவைகளுக்குத் தேசிய மீத்திறன் கணினித் திட்டம் 2015 முதல் உள்ளது. 10,000க்கும் மேற்பட்ட வரைகலைச் செயலிகளைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதாகக் கூறும் இந்தியா ஏஐ திட்டத்துக்கு 2024 மார்ச்சில் 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் தரப்பட்டது. அத்தகைய வசதிகளுக்குத் தனி மாணவர் விண்ணப்பித்து வெல்வது கடினம். துறை விண்ணப்பிக்க வேண்டும்.

இதை இப்போதே தொடங்க ஓர் இடம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியை விளக்க வேண்டும். அவ்விளக்கத்தில் ஒரு பக்கம் சேர்க்கப்படட்டும்: எந்த மாதிரி, எத்தனை அளவுருக்கள், எத்தனை ஜிபி தேவை, நினைவகத்தைக் குறைக்கும் எந்தெந்த முறைகள் முயலப்பட்டன, தரவு வெளியே செல்லலாமா கூடாதா. குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவானால், தேவை தனிப்பட்ட ஆசை என்ற நிலையிலிருந்து துறையின் கோரிக்கையாக மாறும். அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாதவருக்கு, அட்டை தேவையில்லை என்ற விடையும் அங்கேயே கிடைத்துவிடும்.

விளையாட்டுக்காக அட்டை வாங்க விரும்புவோர் தாராளமாக வாங்கலாம். ஆய்வாளருக்கும் ஓய்வு உண்டு. தம் பணத்தைத் தம் மகிழ்ச்சிக்குச் செலவிட எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஆய்வின் பெயரைச் சூட்டாமல் இருந்தால் போதும். அப்படிச் சூட்டப்படும் ஒவ்வொரு முறையும், ஆய்வுக்கூடத்தை மாணவரே வாங்கிக்கொள்வார் என்று நம்பித் துறை தன் பொறுப்பிலிருந்து நழுவ இன்னொரு காரணம் கிடைத்துவிடுகிறது.