ஊருக்குத் திரும்பு என்கிறார்கள், எந்த ஊருக்கு?

படித்தவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி ஊரை முன்னேற்ற வேண்டும் என்று பட்டமளிப்பு விழாக்களில் அறிவுரை சொல்கிறார்கள். நம்மில் பலருக்கு ஊர் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அந்த மேடைக்குத் தெரியாது. ஒரகடத்தை அடுத்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருக்கும் சேரப்பணஞ்சேரியைத்தான் படிவங்களில் சொந்த ஊர் என்று எழுதுகிறேன். (பெயரிலேயே சேரி இருக்கிறது. அந்தச் சொல் வெறும் குடியிருப்பைக் குறித்த காலமும் உண்டு.) நான் திரும்பி வந்தது காலனிக்கு. "இவ்ளோ படிச்சிட்டு இன்னாத்துக்கு இங்க வந்தே?" என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தின் யோக்கியதையைப் போட்டு உடைத்தார். கிராமத்தை விட்டு வெளியேறுவதையே விடுதலையாகக் கண்ட மரபு நம்முடையது.

எங்கள் பக்கத்தில் நகரமே கிராமத்துக்கு வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1990களில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014 நவம்பரில் கதவை மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. பட்டா இருந்தவர் இழப்பீடு வாங்கினார். அதே நிலத்தில் நாற்று நட்ட என் அம்மாவின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. இன்று அவர் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார்.

நிலத்தை நம்பி மூன்றாண்டு கூலி வேலை செய்த குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான் என்று 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கம் நிலம் போனபோது அந்தச் சட்டம் பிறக்கவில்லை. பிறந்த பிறகும், யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று கண்டறியும் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து தமிழ்நாடு தன் 1997ஆம் ஆண்டு தொழில்துறை நிலமெடுப்புச் சட்டத்துக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. நிலமற்றவர்களை எண்ணிப் பார்க்காமல் தொழிற்பேட்டை அமைப்பது இப்படித்தான் சட்டப்படி சரியானது.

எண்ணப்படாத இந்த மக்களுக்குத்தான் பிறகு 'சமூக மேம்பாடு' வருகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது நிறுமச் சட்டம். நான் திரும்பி வந்த புதிதில், பக்கத்துக் கிராமம் ஒன்றில் இந்தப் பணத்தில் தையல் வகுப்பு தொடங்கினார்கள். 'ஊருக்குப் பொதுவான இடம்' வேண்டுமென்று ஊர்த்தெரு கோயிலை ஒட்டிய கட்டடத்தைப் பிடித்தார்கள். காலனிப் பெண்கள் இரண்டு நாள் போனார்கள், மூன்றாம் நாள் நின்றுவிட்டார்கள். 'கிராமப் பெண்கள் பயனடைந்தனர்' என்ற அறிக்கை மட்டும் படத்தோடு வந்தது. என்னைப் போன்று திரும்பி வருகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் ஒருங்கிணைப்பாளர் என்றொரு நாற்காலி காத்திருக்கிறது. காலனியில் நமக்கிருக்கும் முகத்தைக் கடன் கேட்கும் வேலை அது.

வேறு விதமாகத் திரும்பியவர் ஒருவர் நமக்கு அருகிலேயே இருக்கிறார். வேதிப் பொறியியல் படித்து, அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் குத்தம்பாக்கம் திரும்பிய தலித், இளங்கோ. தொண்டு நிறுவனம் வைத்துக்கொண்டு அவர் ஊருக்குள் நுழையவில்லை. 1996 தேர்தலில் நின்று ஊராட்சித் தலைவரானார். அங்கே எழுந்த சமத்துவபுரத்தில் ஒரே சுவரின் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் தலித் அல்லாத குடும்பம். செலவைக் குறைக்க வடிகாலுக்கு வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்தியபோது, விதிமீறல் என்று இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராமசபை அவர் பக்கம் நின்றது, பதவி திரும்பியது. அவர் காந்தியையும் குமரப்பாவையும் வழிகாட்டிகளாகச் சொல்கிறவர். கிராம சுயராஜ்யக் கனவில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் ஊரின் நல்ல மனசை அவர் நம்பிக்கொண்டிருக்கவில்லை, தீர்மானப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். எனக்கு அதுதான் முக்கியம்.

அந்தப் புத்தகம் எங்களிடமிருந்து எவ்வளவு எளிதாகப் பிடுங்கப்படுகிறது என்றும் பார்த்துவிட்டோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. இட ஒதுக்கீட்டில் வந்திருக்க வேண்டிய தலித் தலைவர்களுக்கும் பெண் தலைவர்களுக்கும் ஒரு முழுப் பதவிக்காலமே இல்லாமல் போனது. அதற்காக யாரும் சாலை மறியல் செய்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான் அலையவில்லை. நானும் காலனித் தோழர்கள் சிலரும் வீடு வீடாகப் போய், நிலமெடுப்புக்கு முன் யார் எந்தக் கழனியில் வேலை செய்தார்கள், இப்போது எந்த ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறார்கள் என்று எழுதி வருகிறோம். சமூகப் பொறுப்பு நிதி பற்றி நிறுவனம் கிராமசபையிடம் கேட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கிராமசபை நிறுவனத்திடம் கணக்குக் கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. கேட்டுத் தீர்மானம் போட வேண்டும், எங்கள் பட்டியலையும் அதோடு இணைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். அவற்றில் மார்ச் 22உம் நவம்பர் 1உம் கம்பெனிகளுக்கு விடுமுறை இல்லாத நாட்கள். அன்று வருகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகும். மற்ற நான்கு நாட்களிலும் காலனியிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வருவதென்று பேசியிருக்கிறோம். இந்த இரண்டு நாட்களுக்கும் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறோம்.