எல்ஓஎஸ் சிவப்பா எரிஞ்சா ரவுட்டர் என்னங்க பண்ணும்?

"ரவுட்டரை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." கஸ்டமர் கேர்ல சொல்ற இந்த ஒத்தை மந்திரத்தைக் கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சுங்க. டவுன்ல இருக்கற உங்களுக்கு அது பாதி நாள் பலிக்கும். கொடுமுடிப் பக்கம் தோட்டத்துச் சாளையில இருக்கற எங்களுக்குப் பலிக்காது.

முதல்ல அந்தப் பெட்டியைப் பத்திச் சொல்லிப்போடறேன். ஃபைபர் வந்து மாட்டற பெட்டியில மூணு வெளக்கைப் பார்த்தாப் போதும்: பவர், பான், எல்ஓஎஸ். பவர் எரியலைன்னா கரண்டோ அடாப்டரோ கோளாறு. பான் பச்சையா நிலையா நின்னு, எல்ஓஎஸ் அணைஞ்சிருந்தா கம்பெனிக்காரன் பெட்டியும் நம்ம பெட்டியும் பேசிட்டிருக்குதுன்னு அர்த்தம். அப்பவும் நெட் வரலைன்னா ரீசார்ஜ் முடிஞ்சிருக்கலாம், லாகின் போயிருக்கலாம், இல்லை அவிய பக்கமே கோளாறா இருக்கலாம். ஒயர் சொருகுன கம்ப்யூட்டர்ல வருது, போன்ல மட்டும் வரலைன்னா அது வைஃபை கோளாறு. இந்த எடத்துலதான் ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்குப் பெரும்பாலும் வேலை இருக்குது.

எல்ஓஎஸ் சிவப்பா மினுக்குனா கதையே வேற. கண்ணாடி இழை வழியா வர வேண்டிய வெளிச்சம் வந்து சேரலைன்னு பெட்டி சொல்லுது. பெட்டிக்குப் பின்னால இழை மடங்கிக் கெடக்குதா, சொருகுனது லூசா இருக்குதான்னு ஒருக்கா பார்த்துக்கலாம். (இழை முனையைக் கண்ணுகிட்டப் பிடிச்சுப் பார்க்காதீங்க. அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனாக் கெடுதல் பண்ணும்.) அதெல்லாம் சரியா இருந்தா, அறுந்தது வெளிய. அதுக்கப்புறம் நூறு தடவை அணைச்சுப் போட்டாலும் சிவப்புத்தான். வாய்க்கால்லயே தண்ணி வராதப்ப மடையைத் தொறந்து தொறந்து மூடுனா வயல் நனையுமா?

இன்னொண்ணு. ஊசி வெச்சு அமுக்கற ரீசெட் ஓட்டையை மட்டும் தொடாதீங்க. உள்ள இருக்கற லாகின், செட்டிங் எல்லாம் அழிஞ்சுபோயி, அப்புறம் ஆள் வந்தாத்தான் ஆகும். கஸ்டமர் கேர்லயே சில பேரு அதை அமுக்கச் சொல்றாங்க, அதுதான் கொடுமை.

எங்க ஊர்ல இழை எங்க அறும்னு நெனைக்கறீங்க? கம்பத்துக்குக் கம்பம் தொங்குது, தென்னைக்கு ஊடால போகுது. ஒரு மட்டை விழுந்தாப் போச்சு. கரும்பு லோடு ஏத்துன வண்டி தட்டி இழுத்துட்டுப் போகும். ஜேசிபிக்காரன் குழி பறிக்கையில அள்ளிட்டுப் போவான். அணில் கூடக் கடிச்சு வெக்கும். இதுல எதுக்குங்க நானு ரவுட்டரை அணைச்சுப் போடோணும்?

போன ஆடியில காத்துக்கு மட்டை விழுந்து எங்க லைன் பன்னெண்டு நாள் படுத்துக் கெடந்துச்சு. கம்பெனி பேரு வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான். புகாரை ஆப்புல போடச் சொன்னாங்க. நெட் இல்லைன்னு புகார் பண்றதுக்கு நெட் வேணும்! ரோட்டு மேல போயி நின்னு போட்டேன். மூணாம் நாளு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு. மட்டை விழுந்த எடத்துல விழுந்தபடியே கெடக்குது. மறுபடி போட்டேன், மறுபடி தீர்த்தாங்க. வந்து கட்டுன தம்பி மேல எனக்குக் கோவமில்லைங்க. அவனுக்கு ஒரு பைக்கு, ஒரு ஸ்ப்ளைசிங் மெஷின், சுத்துப்பட்டு ஊரு பூராவும் அவன் தலையில. வந்து இழையை ஒட்டறதுக்கு அரை மணி நேரம்கூட ஆகலை. அந்த அரை மணி நேரத்துக்குத்தான் பன்னெண்டு நாளு.

"போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாமே"ன்னு நீங்க சொல்லுவீங்க. தென்னந்தோப்புக்குள்ள சிக்னல் ஒரு கோடு காட்டுனாலே பெரிசு. மகள் லீவுக்கு வந்தா வேலையையும் கையோட கொண்டு வருது. மீட்டிங்குல பாதியில பேச்சு நின்னா அது மேனேஜர்கிட்ட என்ன பேச்சு வாங்கும்னு எனக்கும் தெரியும். சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல கொப்பரை என்ன விலைக்குப் போச்சுங்கறது வாட்ஸப்லதான் வருது. பிஎம் கிசான் இகேஒய்சி, கரண்டு பில்லு, பேரனோட பாடம் எல்லாம் இந்த ஒத்தை இழையில தொங்குது. எல்லாத்தையும் ஆன்லைன்ல பண்ணுங்கன்னு சொன்ன சர்க்காரும் கம்பெனியும், இழை அறுந்தா எத்தனை மணி நேரத்துல கட்டுவோம்னு சொல்ல மாட்டேங்கறாங்க.

"கிராமத்துல கனெக்ஷன் கம்மி, கம்பெனிக்குக் கட்டுபடியாகாது"ன்னு ஒரு வாதம் இருக்குது. கட்டுபடியாகலைன்னா விக்காதீங்க. வித்தா, மாசத்துக்கு முழுப் பணம் வாங்குனா, வேலையும் முழுசாச் செய்யோணும். டிராய் 2006-லேயே பிராட்பேண்டுக்கு விதி போட்டுச்சு: 100 புகார்ல 90-க்கு மேல அடுத்த வேலை நாளுக்குள்ள சரி பண்ணோணும்னு இருந்துச்சு. 3 வேலை நாளுக்கு மேல இழுத்தா 7 நாள் வாடகை கழிவு, 7 நாளைத் தாண்டுனா 15 நாள் வாடகை, 15-ஐயும் தாண்டுனா ஒரு மாச வாடகைன்னு இருந்துச்சு. 2024-ல அதுக்குப் பதிலாப் புது விதிகள் வந்துச்சு. எங்க ஊர்ல யாரு பில்லுலயும் கழிவுன்னு ஒரு வரியை நான் பார்த்ததில்லைங்க. கேட்டா, "சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களா?"

சர்க்கார் திட்டமும் இப்படித்தான் ஓடுது. ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்கற திட்டத்துக்கு டெல்லியில 2011-ல ஒப்புதல் கொடுத்தாங்க. அப்புறம் பாரத்நெட்னு பேரு மாத்துனாங்க. தமிழ்நாட்டுல டான்ஃபிநெட்னு தனிக் கம்பெனியே வெச்சு, 12,525 ஊராட்சிக்கும் 1 ஜிபிபிஎஸ்னு சொன்னாங்க. நல்ல திட்டம், குத்தம் சொல்லலை. இழுக்கற கணக்கு மட்டும் பேப்பர்ல வருது. அறுந்ததைக் கட்டற ஆளு எத்தனைங்கற கணக்கு வர்றதில்லை. காளிங்கராயன் வாய்க்கால் பவானியில ஆரம்பிச்சு எங்க பக்கம் ஆவுடையாபாறையில முடியுது. வாய்க்காலை வெட்டுனதோட விட்டிருந்தா எழுநூறு வருசமா கடைமடைக்குத் தண்ணி வந்திருக்குமா? வருசா வருசம் தூர் வாரறாங்க, கரையைக் கட்டறாங்க. அதுக்குத்தான் ஆளும் இருக்குது.

டவுன்ல இருக்கற மக்களுக்கு ஒரு வேலை சொல்றேன். ஊர்ல இருந்து அப்பச்சியோ அம்மாயோ "நெட் வரலை கண்ணு"ன்னு கூப்பிட்டா, ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீங்க. எந்த வெளக்கு எந்த நெறத்துல எரியுதுன்னு கேளுங்க. எல்ஓஎஸ் சிவப்புன்னா உங்க போன்ல இருந்து நீங்களே புகாரைப் போட்டு, நம்பரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்க. வேலை செய்யாமத் தீர்த்துட்டோம்னு மெசேஜ் வந்தா அதே நம்பரைச் சொல்லி மேல்முறையீட்டுக்குப் போங்க. மாசக் கடைசியில கழிவைக் கேளுங்க. எங்க சாளையில பால் கணக்கு நோட்டுல ஒரு பக்கம் இதுக்குன்னே ஒதுக்கியாச்சு. இந்த மாசம் இதுவரைக்கும் ரெண்டு நம்பர் ஏறியிருக்குது.